'வளர்ச்சி இல்லை' என்னும் சொற்றொடரைப் பற்றி

இது நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம், வருத்தமில்லை.

சில வாரங்களாக ஆய்வு மாணவர் குழுக்களில் பழைய வாதம் ஒன்று மீண்டும் உலவுகிறது. குழந்தைகளைத் தாக்கும் ஹிப், நிமோகாக்கஸ் ஆகிய பாக்டீரியத் தொற்றுகள் மேலைநாடுகளின் சிக்கல். இந்திய மருத்துவமனைகளின் சோதனைகளில் இவை அரிதாகவே கிடைத்தன. இல்லாத நோயைக் காட்டித் தடுப்பூசிக்கு ஒரு சந்தையை உருவாக்கினார்கள் என்பது அதன் சாரம். பகிர்வோரில் பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். வரலாறு, சமூகவியல், இலக்கியம், மொழியியல் என நம் துறைகளைச் சேர்ந்தவர்கள். அதிகாரத்தின் மொழியை ஐயுறப் பயின்றவர்கள். அந்தப் பயிற்சி எனக்கும் உண்டு, அதில் பெருமையும் உண்டு. ஆனால் இந்த வாதத்தில் முதலில் ஐயுற்றிருக்க வேண்டிய சொல்லை எவரும் தொடவே இல்லை. 'இல்லை' என்பதே அச்சொல்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். நிமோகாக்கஸும் ஹிப்பும் நம் குழந்தைகள் பலரின் மூக்கிலும் தொண்டையிலும் எவ்வகைத் தீங்கும் செய்யாமல் குடியிருப்பவை. சிலரிடம் மட்டும் அவை எல்லையைக் கடந்து குருதிக்குள்ளும் மூளையுறைக்குள்ளும் நுரையீரலின் ஆழத்துக்குள்ளும் புகுகின்றன. இயல்பாகக் கிருமியே இருக்கக்கூடாத இடத்தில் கிருமி கண்டெடுக்கப்பட்டால் அதை 'ஊடுருவும் தொற்று' என்கிறார்கள். இந்த வரையறையைச் சற்று நிறுத்தி வாசியுங்கள். நோய்க்குறிகளைக் கொண்டு எழுதப்பட்ட வரையறை அன்று இது; கண்டெடுத்தலைக் கொண்டு எழுதப்பட்டது. கண்டெடுக்கும் கருவி இல்லாத ஊரில், வரையறையின்படி, இந்த நோய் நிகழவே இயலாது. குழந்தை இறக்கலாம், இறப்புப் பதிவேட்டில் 'காய்ச்சல்', 'வலிப்பு', 'மூச்சுத்திணறல்' என்று எழுதப்படலாம், ஊடுருவும் பாக்டீரியத் தொற்று என்னும் பத்தியில் மட்டும் சுழியமே நிற்கும். அந்தச் சுழியத்தைத்தான் நம் நண்பர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

இன்மையை எவ்வாறு அறிவது என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதை அறிவைப் பெறும் அளவைகளை எண்ணும்போது அபாவத்தையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறது. குமாரிலரின் வழிவந்த பாட்ட மீமாஞ்சகர்கள் இதை நுணுக்கமாக விவாதித்தார்கள். தரையில் குடம் இல்லை என்பதை நான் எவ்வாறு அறிகிறேன்? காணாமையால். சரி, காணாமை மட்டும் போதுமா? போதாது என்பது அவர்கள் மரபின் விடை. குடம் அங்கே இருந்திருந்தால் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கும் என்னும் நிலை இருக்க வேண்டும்: வெளிச்சம் வேண்டும், கண் பழுதற்றிருக்க வேண்டும், இடையில் மறைப்பு இருக்கக்கூடாது. இத்தகைய காணாமைக்கு 'யோக்கிய அனுபலப்தி' என்று பெயர். தகுதியுடைய காணாமை என்று நாம் சொல்லலாம். இருட்டறையில் குடத்தைக் காணாதவன் 'குடம் இல்லை' என்று சொன்னால் தருக்கம் பயிலத் தொடங்கிய மாணவன்கூட நகைப்பான். இந்தியக் குழந்தைகளின் பாக்டீரியத் தொற்று பற்றிய பல ஆண்டு வாதத்தில் ஒரு தரப்பு செய்ததும் இன்று நம் குழுக்களில் நடப்பதும் அதுவே. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஆய்வகம் என்னும் அறையில் வெளிச்சம் எவ்வளவு இருந்தது என்பதுதான்.

வெளிச்சத்தின் அளவைச் சொல்கிறேன். இந்தப் பகுதி சற்று நுட்பமானது. ஆனால் வழக்கு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

கழுத்து விறைத்து, வலிப்பு கண்டு ஒரு பத்து மாதக் குழந்தை மருத்துவமனைக்கு வருகிறது. வருவதற்கு முன்பே ஊரில் உள்ள மருத்துவரோ மருந்துக் கடைக்காரரோ ஆன்டிபயாட்டிக் கொடுத்திருப்பார். நரம்பு வழியாகச் செலுத்தப்படும் மருந்து மெனிங்கோகாக்கஸைத் தண்டுவட நீரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் துடைத்துவிட வல்லது. நிமோகாக்கஸுக்கு அதைவிடச் சில மணி நேரம் கூடுதலாகலாம். நோய் தீர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. தட்டில் வளரத்தக்க உயிருள்ள கிருமி அகப்படாது என்பதுதான் பொருள். அடுத்து, முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கப் பெற்றோர் இசைய வேண்டும். ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்ற அச்சம் நாடு முழுவதும் உண்டு. எடுத்த நீரை இரவில் வாங்கிக்கொள்ள ஆய்வகத்தில் ஆள் இல்லையெனில் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். குளிர் தாங்காத ஹிப் அங்கேயே மடிந்துவிடும். நிமோகாக்கஸ் இன்னும் வினோதமானது: தன் சுவரைத் தானே கரைத்துக்கொள்ளும் நொதி அதனிடம் உண்டு, தாமதித்தால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இவ்வளவையும் கடந்து கிருமி உயிரோடு தட்டை அடைந்துவிட்டது என்றே கொள்வோம். ஹிப் வளர்வதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். இரண்டும் குருதியின் செல்களுக்குள் அடைபட்டுக் கிடப்பவை. குருதியைச் சூடாக்கிச் செல்களை உடைத்தால்தான் அவை தாராளமாக வெளிவரும். அப்படிச் சூடாக்கிய குருதி கலந்த ஊடகம் பழுப்பு நிறத்தில் இருப்பதால் 'சாக்லேட் அகார்' என்று பெயர் பெற்றது. சாக்லேட் துளியும் இல்லை. சாதாரண ஆட்டுக்குருதித் தட்டில் ஹிப் வளராது. ஆட்டுக்குருதியும் கிடைக்காத ஆய்வகங்கள் இரத்த வங்கியில் காலாவதியான மனிதக் குருதியைப் பயன்படுத்துகின்றன. அதில் ஏற்கெனவே எதிர்ப்புப் புரதங்களும் உறைவுத் தடுப்பானும் இருக்கும். நிமோகாக்கஸ் அதில் சரிவர வளர்வதில்லை என்பது சோதித்து அறியப்பட்டது. நிமோனியாவின் கதை இன்னும் மோசம். பாக்டீரிய நிமோனியா கண்ட குழந்தைகளிலேயே குருதியில் கிருமி கிடைப்பது நூற்றுக்குச் சிலரிடம் மட்டுந்தான். நுரையீரலுக்குள் ஊசி செலுத்தி யாரும் வழக்கமாகச் சோதிப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு ஆய்வகம் ஒரு தாளில் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதி அனுப்புகிறது. எழுதியவர் பிழையேதும் செய்யவில்லை. தட்டில் வளரவில்லை, அதையே எழுதினார். ஆனால் அத்தாள் வார்டுக்கு வரும்போது 'கிருமி இல்லை' ஆகிறது. ஆண்டறிக்கைக்குள் போகும்போது 'நோய் இல்லை' ஆகிறது. கட்டுரைக்குள் போகும்போது 'இந்தியாவில் இந்நோய் இல்லை' ஆகிறது. எழுவாய் மூன்று முறை மாறிவிட்டது, பயனிலை மட்டும் மாறவில்லை. மொழியியல் படிக்கிறவளுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்போருக்கு இதுவே விடை: இந்த எழுவாய் மாற்றத்தைப் பிடிப்பதற்கு எம்பிபிஎஸ் தேவையில்லை.

இனி இந்திய ஆதாரங்கள். 1993 முதல் 1997 வரை ஆறு பெரிய மருத்துவமனைகள் இணைந்து ஊடுருவும் பாக்டீரியத் தொற்றுகளைக் கண்காணித்தன. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சாவைப் பொறுத்தவரை, ஐயத்துக்குரிய 5,798 நோயாளிகளில் 125 தொற்றுகள் கண்டறியப்பட்டன; அவற்றில் 97 விழுக்காடு ஹிப் என்னும் 'பி' வகை. 125இல் 108 ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கிடைத்தவை. இந்த 125ஐ எடுத்து 5,798ஆல் வகுத்து 'வெறும் 2 விழுக்காடு' என்று எழுதுவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பகுதியில் கண்டெடுக்கப்பட்டவை இருக்கின்றன. தொகுதியிலோ ஐயத்துக்குரியவர்கள் அனைவரும், வயது வந்தவர்கள் உட்பட, இருக்கிறார்கள். கண்டெடுத்தலின் தடைகள் அனைத்தையும் பகுதி சுமக்கிறது, தொகுதி எதையும் சுமக்கவில்லை. அரிது என்னும் முடிவு அந்த வகுத்தலுக்குள்ளேயே வைக்கப்பட்டுவிட்டது.

வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதனினும் கடினமான பணியைச் செய்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல், ஒரு மக்கள்தொகையை வரையறுத்து அதிலிருந்து எழும் மூளையுறை அழற்சியைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். 2008இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு மூன்று சொற்களில் அமைந்தது: 'இருக்கக்கூடியவை', 'பெரும்பாலும் அதுவே ஆனவை', 'மெய்ப்பிக்கப்பட்டவை'. ஐந்து வயதுக்குட்பட்ட இலட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு முதல் வகை 86, இரண்டாவது சுமார் 37, மூன்றாவது சுமார் 16. அதில் ஹிப் என்று மெய்ப்பிக்கப்பட்டவை 7.1. வினைச்சொல்லில் உறுதிப்பாட்டின் படிநிலைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் என் துறைக்கு இதைவிட நேர்மையான வாக்கியம் கிடைப்பது அரிது. 86க்கும் 7.1க்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அந்த ஆய்வாளர்களே வெளிப்படையாக வைத்தார்கள். தொடர்ந்த வாதத்தில் ஒரு தரப்பு 7.1ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, இது மேலைநாட்டு எண்ணைவிடக் குறைவு, ஆகவே தடுப்பூசி தேவையில்லை என்றது. குறைந்தபட்ச எண் என்று தரப்பட்டதை அதிகபட்ச எண்ணாக வாசித்தார்கள்.

இருட்டறையில் குடம் உண்டா என்று அறிய வேறொரு வழியும் உண்டு: நோயைத் தேடாமல், தடுப்பூசி போட்டால் எது குறைகிறது என்று பார்ப்பது. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஹிப் ஊசி போட வேண்டும், மற்றொரு பகுதியினருக்குப் போடக்கூடாது. பின்னர் இரு பகுதியிலும் மூளையுறை அழற்சியையும் நிமோனியாவையும் எண்ண வேண்டும். ஊசி ஹிப்பை மட்டுமே தடுக்கும் என்பதால் வேறுபாடு முழுவதும் ஹிப்பின் கணக்கு. ஆய்வகம் அதைக் கண்டெடுத்ததா இல்லையா என்பது பொருட்டன்று. காம்பியாவில் 40,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 1997இல் வெளிவந்த சோதனையில், ஊடுவழிப் படத்தில் தெரியும் நிமோனியா 21 விழுக்காடு குறைந்தது. ஆய்வகக் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் நிமோனியாவில் ஹிப்பின் பங்கு இவ்வளவு என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் நடந்து 2005இல் வெளிவந்த சோதனை இன்னும் கூர்மையானது. அங்கே ஊசியால் தவிர்க்கப்பட்ட, ஆய்வகம் உறுதிசெய்த ஹிப் மூளையுறை அழற்சி ஆண்டுக்கு இலட்சத்துக்கு 16. மூளையுறை அழற்சி ஐயத்தோடு சேர்க்கப்பட்டவர்களையும் வலிப்போடு வந்தவர்களையும் சேர்த்து எண்ணியபோது தவிர்க்கப்பட்டவை 158. ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆய்வகத்தின் ஒவ்வோர் 'ஆம்' என்பதற்குப் பின்னாலும் ஒன்பது குழந்தைகள் 'வளர்ச்சி இல்லை' என்னும் தாளோடு நின்றிருக்கிறார்கள்.

நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும்: அதே லொம்போக்கில் படத்தில் தெரியும் நிமோனியா குறையவில்லை. இந்தியாவில் ஹிப் ஊசியை எதிர்த்தவர்கள் இந்த முடிவைப் பலமுறை மேற்கோள் காட்டினார்கள். காட்ட உரிமை உண்டு. ஆனால் அதே கட்டுரையின் தலைப்பிலேயே நிற்கும் மூளையுறை அழற்சியைப் பற்றி மௌனம் காத்தார்கள். தேர்ந்தெடுத்து மேற்கோள் காட்டும் மாணவரை நாம் ஆய்வேட்டுத் தேர்வில் என்ன செய்வோம்?

எதிர்வாதத்தின் மிகச் சுவையான பகுதி இனித்தான் வருகிறது. இந்தியக் குழந்தையின் குடலில் வாழும் ஒருவகை ஈ. கோலியின் மேலுறை ஹிப்பின் மேலுறையை ஒத்திருக்கிறது. ஆகவே நம் குழந்தைகளுக்கு இயற்கையாகவே எதிர்ப்பாற்றல் வந்துவிடுகிறது என்றார்கள். வேதியியல் ஒற்றுமை உண்மை. ஆனால் அந்த எதிர்ப்பாற்றல் எந்த வயதில் வருகிறது என்பதுதான் கேள்வி. தாயிடமிருந்து பெற்ற பாதுகாப்பு வடிந்தபின், தன் பாதுகாப்பு எழும் முன், இரண்டு மாதம் முதல் மூன்று வயது வரை குழந்தையின் குருதி ஹிப்புக்குத் திறந்து கிடக்கிறது என்று ஃபாதர்கில்லும் ரைட்டும் 1933இலேயே காட்டினார்கள். வேலூரின் கணக்கிலும் முதல் ஆண்டுக் குழந்தைகளிடம்தான் நோய் குவிந்திருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் எதிர்ப்புப் புரதம் இருப்பதைக் காட்டி ஆறு மாதப் பிள்ளைக்கு ஊசி வேண்டா என்பது என்ன தருக்கம்? அழுக்கில் வளர்ந்த இந்திய உடலுக்கு ஒன்றும் ஆகாது என்னும் இந்தப் பெருமிதத்தை 2020இன் தொடக்கத்திலும் கேட்டோம். 2021 ஏப்ரலில் தில்லியில் இருந்தவர்களுக்கு மேலும் சொல்லத் தேவையில்லை.

மருந்துக் குழுமங்களின் மீதான ஐயத்துக்கு வருகிறேன். அந்த ஐயம் நியாயமானது. அதற்கு நான் பக்கம் பக்கமாகச் சான்று தர முடியும். ஃபைசரின் 13 வகை நிமோகாக்கஸ் ஊசிக்கு, மருத்துவத் தொண்டமைப்பு ஒன்று எதிர்ப்பு மனு அளித்திருந்தும், 2017இல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் காப்புரிமை வழங்கியது. விலை எட்டாத உயரத்தில் இருந்த ஆண்டுகளில் தனியார் மருத்துவமனைக்குப் போகக்கூடிய குழந்தைக்கு மட்டுமே அந்த ஊசி கிடைத்தது. 2008இல் இலங்கையில் ஐந்து நோய்த் தடுப்பூசி போடப்பட்ட சில குழந்தைகள் இறந்தபோது அரசு ஊசியை நிறுத்தி ஆராய்ந்தது. காரணத் தொடர்பு நிறுவப்படாததால் 2010இல் மீண்டும் தொடங்கியது. கேள்வி கேட்பது எப்படி என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. இந்தியாவில் 2008இல் தேசியத் தொழில்நுட்பக் குழு ஹிப் ஊசியைப் பரிந்துரைத்தது. 2009இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும் ஊசி தொடங்கியது. ஏனைய மாநிலங்கள் அனைத்துக்கும் செல்ல 2015 ஆனது. அமெரிக்கக் கைக்குழந்தைகளுக்கு அது 1990இலேயே கிடைத்துவிட்டது. விலை மீதான ஐயம் விலையைக் குறைக்கப் போராடச் சொல்கிறது. உள்நாட்டிலேயே ஊசி செய்யச் சொல்கிறது. புனேயில் உருவான பத்து வகை நிமோகாக்கஸ் ஊசி அப்படித்தான் வந்தது. அதன்பின் 2021இல் நிமோகாக்கஸ் ஊசி நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் விரிந்தது. ஊசி விலை அதிகம் என்பதால் நோய் இல்லை என்று முடிவுகட்டும் வாதம் ஐயவாதம் ஆகாது. ஏழைக் குழந்தைக்கு ஊசி வாங்காமல் இருக்க விரும்பும் நிதித்துறை அதிகாரிக்கு அதைவிட வசதியான வாதம் வேறில்லை.

சொற்களைப் பற்றி ஒரு சிறு விலகல். தமிழ் நாளிதழ்கள் மூளையுறை அழற்சியையும் மூளைத் திசு அழற்சியையும் ஒருங்கே 'மூளைக்காய்ச்சல்' என்கின்றன. முன்னதைப் பெரும்பாலும் பாக்டீரியம் கடுமையாக்குகிறது. உரிய மருந்தால் குணப்படுத்த முடியும். பின்னதைப் பெரும்பாலும் வைரஸ் உண்டாக்குகிறது. பீகாரின் 'சம்கி' என்னும் சொல்லும் இப்படித்தான். வலிப்பின் உலுக்கலை மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இதில் மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோயை அதன் குறியால் பெயரிடுவது எல்லா மொழிகளின் இயல்பு. அறிவியலும் அத்தனை தூய்மையானதன்று: 1892இல் ஃபைஃபர் இந்தப் பாக்டீரியமே ஃப்ளூ காய்ச்சலின் காரணம் என்று அறிவித்தார், 1933இல் ஃப்ளூவுக்குக் காரணம் வைரஸ் என்று தெரிந்தது, பாக்டீரியத்தின் பெயரிலோ இன்றுவரை 'இன்ஃப்ளூயன்சா' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதுகலை ஆய்வேட்டுக்காகச் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் சில வாரங்கள் இருந்தேன். சேர்க்கைப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'பிறவி' என்று எழுதப்பட்டவை மிகுதி. அதற்கு அடுத்து மிகுதியாக நின்ற விடை 'காய்ச்சலுக்குப் பின்'. எந்தக் காய்ச்சல்? எந்தப் படிவத்திலும் இல்லை. பாக்டீரிய மூளையுறை அழற்சியிலிருந்து பிழைத்த குழந்தையின் உட்செவி பாதிக்கப்படலாம்; நத்தை எலும்பின் உள்ளே சில வாரங்களிலேயே எலும்பு படரத் தொடங்கலாம்; படர்ந்துவிட்டால் பின்னர் செயற்கைச் செவி பொருத்துவதும் கடினம். அதனால்தான் மருத்துவமனையை விட்டுச் செல்லும் முன்போ நான்கு வாரங்களுக்குள்ளோ செவிச் சோதனை செய்ய வேண்டும் என்கிறார்கள். நோயின் பெயரே தாளில் இல்லாத குழந்தைக்குச் செவிச் சோதனையை யார் பரிந்துரைப்பார்? ஒன்றரை வயதில் 'அம்மா' என்று சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்ட பிள்ளையை மூன்றாம் வயதில்தான் மருத்துவரிடம் மீண்டும் கொண்டுசெல்கிறார்கள். மொழியைப் பெறுவதற்குரிய வயதைப் பற்றி வகுப்பறையில் எத்தனை கோட்பாடுகள் படித்தோம்! அந்த வயதை ஒரு குழந்தையிடமிருந்து பறிக்கும் பாக்டீரியம் நம் நாட்டில் அரிது என்று சொல்லும் பதிவுக்கு என் துறைத் தோழர்களே விருப்பக்குறி இடுவதைப் பார்க்கும்போது எனக்குச் சினம் வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

இன்னொரு முரணும் உண்டு. அதே நாட்டில், அதே தெருவில், டைஃபாய்டு விஷயத்தில் நிலைமை தலைகீழ். டைஃபாய்டும் ஊடுருவும் பாக்டீரியத் தொற்றுதான். அதற்குக் குருதி வளர்ப்புச் சோதனை செய்தாலும் உள்ள நோயாளிகளில் சுமார் 60 விழுக்காட்டினரிடமே கிருமி வளரும். ஆனால் யார் செய்கிறார்கள்? 1896இல் வந்த விடால் சோதனையைத் தெருமுனை ஆய்வகத்தில் ஒருமுறை செய்து, எண் சற்று உயர்ந்திருந்தால் டைஃபாய்டு என்று முடிவுகட்டி, பத்து நாள் மருந்து கொடுக்கிறார்கள். முன்பு வந்த தொற்றும் வேறு காய்ச்சல்களும்கூட அந்த எண்ணை உயர்த்தும். மலிவான சோதனையின் 'இருக்கிறது' உடனே நம்பப்படுகிறது. கடினமான சோதனையின் 'இல்லை'யும் உடனே நம்பப்படுகிறது. இரண்டிலும் சோதனையின் தகுதியை எவரும் கேட்பதில்லை.

பச்சிளங்குழந்தைகளுக்கு வந்தால் வாதத்தின் நிறமே மாறிவிடும். அங்கே விற்பதற்குத் தடுப்பூசி கிடையாது, ஆகவே சதிக் கோட்பாட்டுக்கும் இடமில்லை. 2011–2014இல் தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சையில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்து பதிவுசெய்த ஆய்வில், 14.3 விழுக்காட்டினருக்குக் குருதி நச்சேற்றம் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. வளர்ப்புச் சோதனையில் கிருமி கிடைத்தது 6.2 விழுக்காட்டினரிடம். மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்தவை. கிடைத்தவற்றில் பாதிக்கும் மேல் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ. கோலி, அசினெட்டோபாக்டரில் 82 விழுக்காடு பல மருந்துகளுக்கு அடங்காதவை. தலைநகரின் பெரிய மருத்துவமனைகளில் வெளிச்சம் போட்டுப் பார்த்ததனால் இவ்வளவு தெரிந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுகளைத் திறந்தோம், நல்ல செயல். ஆனால் அவற்றுள் பலவற்றில் குருதி வளர்ப்புக்கு வழியில்லை. எந்தக் கிருமி என்று தெரியாமலே முதல் மருந்து, அது கேட்காவிட்டால் இரண்டாவது, அதுவும் கேட்காவிட்டால் கடைசிப் படிக்கட்டில் உள்ள கோலிஸ்டின். பிறந்து மூன்று நாள் ஆன குழந்தை.

தடுப்பூசி ஆதரவுத் தரப்புக்கும் ஒரு சொல். உங்கள் பக்கம் பெரும்பாலும் உண்மை இருக்கிறது. ஆனால் நீங்கள் காட்டும் எண்களில் பல எண்ணப்பட்டவை அல்ல. உலகில் ஹிப்பால் இறந்த குழந்தைகள் 2000இல் சுமார் 3 இலட்சம், 2015இல் சுமார் 30 ஆயிரம் என்பது மாதிரிக் கணக்கீடு. இருக்கும் சிறிதளவு தரவிலிருந்து இல்லாத தரவை ஊகித்துப் பெற்றது. ஊகம் தவறன்று, ஊகமும் அளவைகளுள் ஒன்றே. ஆனால் அதைக் காட்சி என்று விற்காதீர்கள். ஊகத்தைக் காட்சியாக விற்றதனால்தான் எதிர்த்தரப்புக்கு நுழைவாயில் கிடைத்தது. வங்கதேசத்தைப் பாருங்கள்: டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில் நுண்ணுயிரியலாளர் சமீர் சாகா பல்லாண்டுகளாக நடத்திய ஆய்வகம் தன் நாட்டுக் குழந்தைகளின் தண்டுவட நீரில் தானே தேடித் தானே கண்டெடுத்தது. அங்கே விவாதம் நம் நாட்டைவிட முன்னதாக முடிந்தது. ஹிப் ஊசி 2009இலேயே வந்துவிட்டது.

ஊசி வந்தபின் ஆய்வகம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. நிமோகாக்கஸில் 100க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நாம் போடும் ஊசி பத்தைத் தடுக்கிறது. தடுக்கப்பட்டவை விலகிய இடத்தில் மற்றவை குடியேறும். இது பல நாடுகளில் நடந்திருக்கிறது. நம் நாட்டில் எவை குடியேறுகின்றன என்று அறிய, மாவட்டந்தோறும் தண்டுவட நீரை இரவிலும் வாங்கிக்கொள்ளும் ஆள் வேண்டும், சாக்லேட் அகார் வேண்டும், வளரும் கிருமியின் வகையை அறியப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பும் வழி வேண்டும். செயற்கைச் செவி ஒன்றுக்கு அரசு செலவிடும் பல இலட்சத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

ஆகவே பதிவைப் பகிரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்த மாவட்டத்தின் அரசு மருத்துவமனைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதுங்கள். சென்ற ஆண்டு ஐந்து வயதுக்குட்பட்ட எத்தனை குழந்தைகள் வலிப்போடும் காய்ச்சலோடும் சேர்க்கப்பட்டனர்? எத்தனை பேருக்குத் தண்டுவட நீர் எடுக்கப்பட்டது? அதில் எத்தனை, முதல் மருந்துக்கு முன் எடுக்கப்பட்டவை? எந்தத் தட்டில் வளர்க்கப்பட்டன? பிழைத்தவர்களில் எத்தனை பேருக்குச் செவிச் சோதனை நடந்தது? பத்து ரூபாய்க் கட்டணம். விடை வந்தபின் 'இல்லை' என்பதைப் பற்றிப் பேசுவோம். மனுவின் வாசகத்தைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் பின்னூட்டத்தில் மாவட்டத்தின் பெயரை இடுங்கள், அனுப்புகிறேன்.